சேர்வராயன் மலையைக் குடைந்து ஒரு புத்தகம்: மூன்று டம்மிகளின் கணக்கு

மூன்றாவது டம்மி, அதாவது புத்தகத்தின் மாதிரிப் பிரதி, ஒருவழியாகச் சரியாக நின்றது. 23 ஏடு, கனம் 19 மி.மீ., உள்ளே ஒரு எழுத்துகூட அச்சு கிடையாது. ஏட்டுக்கு ஒரு வெட்டு. வெட்டின் வடிவம், சேர்வராயன் மலையின் ஒரு சம உயரக் கோடு. முதல் ஏட்டில் 500 மீட்டர், அடுத்ததில் 550, இப்படியே 1,600 வரை. அட்டையைத் திறந்தால் மலை குழியாகக் கிடக்கும். புரட்டப் புரட்டக் குழி சிறுத்து, கடைசியில் உளுந்து அளவு ஓட்டை ஒன்று மிஞ்சும். அதுதான் உச்சி. புரட்டிய ஏடுகள் இடப்பக்கம் சேரும்போது மலை இடவலம் மாறி, மேல் வாய் குறுகி அடி அகன்ற குகைபோலத் தெரியும். அந்த நிழல் யாரும் திட்டமிட்டதில்லை, ஆனால் புத்தகத்திலேயே நல்ல பகுதி அதுதான்.

யோசனையும் கோடுகளும் டிசைனருடையவை. தாள், வெட்டு, பசை, பைண்டிங் எங்கள் பொறுப்பு. இரண்டு டம்மி கெட்ட பிறகு தேறிய அளவுகளைக் கீழே எழுதியிருக்கிறோம்.

அளவு பிடித்தது

உயரத் தரவுக்கு எஸ்ஆர்டிஎம், அதாவது விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த நில உயரங்கள், போதும். காசு கிடையாது, ஒரு கட்டம் தரையில் ஏறக்குறைய 30 மீட்டர். கியூஜிஐஎஸ் மென்பொருளில் 50 மீட்டருக்கு ஒரு கோடு எடுத்தாயிற்று. ஏற்காடு படச்சட்டத்தின் தென்பாதியில் விழும்படி கிழக்கு மேற்காக 25 கி.மீ., வடக்கு தெற்காக 20 கி.மீ. 1:1,25,000 அளவில் அது 200 × 160 மி.மீ. சுற்றிலும் 20 மி.மீ. விளிம்பு விட்டதில் பக்கம் 240 × 200 என்று முடிந்தது.

இந்த அளவில் 50 மீட்டர் என்பது 0.4 மி.மீ. வாங்கிய 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) போர்டின் கனமும் 0.4. கோட்டுக்கு ஒரு தாள் வைத்தாலே மலை உண்மை விகிதத்தில் வந்துவிடும் என்று முதல் நாள் எல்லோருக்கும் குஷி. முதல் டம்மி கவிழ்ந்ததும் அதனால்தான். 25 கி.மீ. அகலத்துக்கு ஒன்றேகால் கி.மீ. உயரம் தாளில் ஒன்றுமே இல்லை. 200 மி.மீ. அகலத்தில் 10 மி.மீ. பள்ளம், சாப்பாட்டுத் தட்டுபோல இருந்தது. சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் நின்று வடக்கே பார்த்தால் மலை சுவராக எழும்பும். தட்டைக் காட்டி அதுதான் இது என்றால் சேலத்துக்காரர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் உயரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கி, ஏட்டுக்கு இரண்டு தாள் ஒட்டி 0.8 மி.மீ. ஆக்கினோம்.

கோடு தொடங்கும் இடத்திலும் ஒரு பிசகு. சேலம் நகரம் 280 மீட்டரை ஒட்டியிருப்பதால் 300 மீட்டரில் தொடங்கி 27 கோடு எடுத்திருந்தோம். ஆனால் தர்மபுரிப் பக்கச் சமவெளி சேலத்தைவிட உயரம். கீழ்க் கோடுகளில் சட்டத்தின் பெரும்பகுதி வெட்டுக்குள் போய், ஏட்டில் நான்கு பக்க விளிம்பும் தெற்கே கொஞ்சம் தாளும் மட்டும் மிஞ்சின. எடுத்தால் தொங்கியது. மலையின் உருவமும் அந்த ஏடுகளில் இல்லை. 300 முதல் 450 வரை நான்கையும் தூக்கிவிட்டு 500 மீட்டரில் தொடங்கியதும் 23 ஏடு ஆனது.

கோட்டை வெட்டக்கூடியதாக்குவது தனி வேலை. 30 மீட்டர்க் கட்டம் தாளில் 0.24 மி.மீ. ஆகிறது, அப்படியே அச்சடித்தால் கோடு அரம்போலப் பல் பல்லாக வரும். டிசைனர் கோடுகளை மென்மையாக்கி, 4 சதுர மி.மீ.க்குக் கீழான பொட்டுகளை நீக்கித் தந்தார். அடுத்தது தீவுகள். மேட்டுநிலத்தில் ஓடை வெளியேறும் வாய் கட்டத்தைவிடக் குறுகலாக இருந்தால், தரவில் அந்த வாய் அடைபட்டுப் பள்ளம் தனித்தீவாகிவிடும். தாளில் அதைத் தாங்க எதுவும் இல்லை, வெட்டியதும் கீழே விழும். அத்தகைய இடங்களில் ஓடைவழியே ஒரு கழுத்து வரைந்து சேர்க்க வேண்டியிருந்தது. 1 மி.மீ. கழுத்து வெட்டும்போதே அறுந்தது, 2 மி.மீ. புரட்டும்போது அறுந்தது, 3 மி.மீ. நின்றது. டிசைனர் திரையில் வெட்டுக்குள் போகும் பகுதியைக் கறுப்பாகக் காட்டி வைத்திருந்தார். அதைத் தலைகீழாக்கி, மிஞ்சும் தாளைக் கறுப்பாக்கிப் பார்த்த பிறகுதான் பலவீனமான இடங்கள் கண்ணில் பட்டன. இனி எந்தக் குடைவு வேலைக்கும் கோப்பு அப்படித்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டோம்.

அச்செடுக்கும் கடையில் ஒரு எச்சரிக்கை. ஏ3 தாளில் எடுக்கும்போது இயந்திரம் தானாகவே படத்தைத் தாளுக்குள் அடக்கிச் சுருக்கிவிடும். முதல் தடவை 200 மி.மீ. 194 ஆக வந்தது. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு, கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

தாள்

ஜிஎஸ்எம் என்பது எடைதான், கனம் அல்ல. 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு வழவழப்பாக, ஏறக்குறைய 0.3 மி.மீ.தான் இருந்தது. அதே எடையில் பூச்சில்லாத வெள்ளை போர்டு 0.4. கடையில் பத்துத் தாளை அடுக்கி வெர்னியரில் 4.0 வருகிறதா என்று பார்த்து வாங்கினோம். அதைவிட முக்கியம், கத்தியால் ஒரு மூலையை வெட்டி ஓரத்தைப் பார்ப்பது. டூப்ளெக்ஸ் போர்டில் மேல் தோல் மட்டும் வெள்ளை, நடுவே சாம்பல். இந்தப் புத்தகத்தில் வெட்டு ஓரம்தான் சித்திரமே. 23 ஓரமும் சாம்பலாகத் தெரிந்தால் அட்டைப் பெட்டி மாதிரி இருக்கும்.

கிரெயின், அதாவது நார் ஓடும் திசை, முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். முதல் டம்மியில் இதைக் கவனிக்கவில்லை. 23 × 36 அங்குலத் தாளில் எட்டுத் துண்டு வருகிற விதமாக வெட்டிவிட்டோம், நார் குறுக்கே போய்விட்டது. சரியான திசையில் ஆறுதான் வரும். அந்த இரண்டு துண்டு ஆசைக்குக் கொடுத்த விலை வாணியாறு.

வாணியாற்றுப் பள்ளத்தாக்கு மலைத்தொடரை ஆழமாக அறுத்துக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. வெட்டிய ஏட்டில் அது மேல் விளிம்பிலிருந்து வெட்டுக்குள் நீளும் நாக்கு. நடு உயர ஏடுகளில் ஆறேழு செ.மீ. நீளம், நுனி பென்சில் அகலம். ஒற்றைத் தாளில், குறுக்கு நாரில், அந்த நாக்கு இரண்டே நாளில் சுருண்டது. புரட்டும்போது அடுத்த ஏட்டின் வாயில் மாட்டி மடங்கியது. இரண்டு தாள் ஒட்டி, நார் நாக்கின் நீளவாட்டில் ஓடும்படி வைத்ததும் விறைத்து நின்றது. நுனியைக் கூராக விடாமல் 2 மி.மீ. ஆரத்தில் உருட்டியதும் மாட்டுவது நின்றது.

நார் திசை தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவுங்கள். எந்த அச்சைச் சுற்றிச் சுருள்கிறதோ, நார் அந்த அச்சின் வழியே ஓடுகிறது.

எதில் வெட்டுவது

ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரில் முதல் டம்மிக்கு முயன்றோம். 300 ஜிஎஸ்எம்முக்குக் கத்தி பாதிதான் இறங்கியது. அழுத்தத்தைக் கூட்டினால் வளைவுகளில் தாள் கிழிந்தது, உருளை போன தடமும் போர்டில் பதிந்தது. லேசரில் கோடு அற்புதமாக வந்தது. ஓரம் மட்டும் காப்பி நிறம், அடிப்பக்கம் புகைக்கறை. மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினால் கறை குறைகிறது, ஓரப் பழுப்பு போகவில்லை. வெள்ளைதான் வேண்டும் என்று டிசைனர் பிடிவாதமாக நின்றார். இதில் அவர் சொன்னது சரி. டை, அதாவது வடிவத்தை அழுத்தி வெட்டும் அச்சு, அடிப்பது ஆயிரம் பிரதிக்குச் சரிப்படும், 23 வடிவத்துக்கு 23 டை அடிப்பவர் யாரும் இல்லை. ஆகவே கை.

சர்ஜிக்கல் பிளேடு எண் 11, பிடி எண் 3. மருத்துவக் கருவி விற்கும் கடையில் நூறு பிளேடு 380 ரூபாய். ஸ்டேஷனரிக் கடையின் உடைக்கும் கட்டர் நேர்க்கோட்டுக்கு மட்டும். பிளேடு முனை நெளியும் ஓசை கேட்டதும், அதாவது சர்ரென்ற ஓசை மாறிக் கரகரக்கத் தொடங்கியதும், மாற்றிவிட வேண்டும். ஏட்டுக்கு ஐந்தாறு பிளேடு ஆயிற்று. மழுங்கிய பிளேடை இழுத்துக்கொண்டே போனால் அடித்தாளில் நார் பிசிறும். பிறகு எந்த எமரித் தாளாலும் அது சரியாகாது.

கத்தி ஓர் இடத்தில் நிற்க வேண்டும், தாள் சுழல வேண்டும். இடது கை தாளைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கத்தி சாய்ந்தால் ஓரம் சரிவாகி, 0.8 மி.மீ. கனத்தில் மேல் கோட்டுக்கும் அடிக் கோட்டுக்கும் அரை மி.மீ. வித்தியாசம் வரும். மூன்று ஓட்டம்: முதலாவது கோட்டைப் பதிக்க, இரண்டாவது மேல்தாளை அறுக்க, மூன்றாவது அடியை அறுக்க. ஒரே அழுத்தில் முடிக்கப் பார்த்தபோதெல்லாம் வளைவில் முனை ஒடிந்தது. ஒடிந்த முனை பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கூர்மையான உள்வளைவுகளில் முதலில் தோல் வேலைக்காரர் வைத்திருக்கும் பஞ்ச் கருவியால் 1.5 மி.மீ. துளை இட்டு, இரு பக்கமிருந்தும் துளைக்குள் வந்து முடித்தால் மூலை தாண்டிய கீறல் விழாது. சிறிய வெட்டுகளை முதலில் முடித்துவிட்டுப் பெரியதைக் கடைசியில் வெட்ட வேண்டும். பெரியது போய்விட்டால் தாளுக்குப் பிடிமானம் இருக்காது.

1,000 மீட்டர் ஏடுதான் நெஞ்சைப் பிழிந்தது. நூல் வைத்து அளந்ததில் கோட்டின் நீளம் 1.7 மீட்டர், வெட்ட மூன்றரை மணி நேரம். 1,600 மீட்டர் ஏட்டுக்கு நான்கு நிமிடம். சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி அந்தக் கோட்டுக்குக் கொஞ்சமே மேலே. கோயில் ஒரு குகைக்குள் இருப்பதால், கடைசி ஓட்டையைப் பார்ப்பவர்கள் டிசைனர் அதை நினைத்துத்தான் வைத்தார் என்று நம்புகிறார்கள். உண்மையில் 3 மி.மீ. பஞ்ச் ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது.

பசை

இரண்டாவது டம்மியை ஏற்காட்டிலேயே, ஐப்பசி மூடுபனியில் செய்தோம். அதில் இரண்டு தாளையும் தனித்தனியாக வெட்டிவிட்டுப் பிறகு ஒட்டினோம். சேலத்தில் 240 மி.மீ. இருந்த தாள் மலைமேல் இரண்டு நாளில் 241 ஐத் தாண்டியது, அதுவும் நாருக்குக் குறுக்கே மட்டும். சேலத்தில் வெட்டிய தாளும் மேலே வெட்டிய தாளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எல்லா ஓரத்திலும் இரட்டைக் கோடு. அதோடு அந்த முறை முடிந்தது. மூன்றாவதில் முதலில் ஒட்டி, முழுக்கக் காயவைத்து, பிறகே வெட்டு. எல்லாம் சேலத்தில், மாசி பங்குனி வறட்சியில்.

சேலத்தில் பசைக்கு அலைய வேண்டியதில்லை. ஜவ்வரிசி ஆலைகள் இருக்கிற ஊர், மரவள்ளி ஸ்டார்ச் மாவு எளிதில் கிடைக்கும். 50 கிராம் மாவை 300 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் பால் நிறம் மாறிக் கண்ணாடிபோல ஆகும். அந்த நொடியில் இறக்க வேண்டும். மேலும் கொதிக்கவிட்டால் நீர்த்துப்போகும். ஆறியபின் துணியில் வடிகட்டினோம். மரவள்ளிப் பசையின் குணம், பிரஷைத் தூக்கினால் நூல் நூலாக இழுபடும், தாள்மேல் சிலந்தி வலை கட்டும். மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு ஃபெவிகால் கலந்ததும் இழுபடுவது குறைந்தது. பைண்டிங் கடைகளில் பூச்சி அண்டாமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். வெள்ளைத் தாளில் நீலம் ஊறும் என்பதால் போடவில்லை. அன்றன்று காய்ச்சி அன்றன்றே தீர்த்தோம். சேலம் வெயிலில் மறுநாள் புளித்துவிடும்.

இரண்டு தாளிலும் பசை தடவ வேண்டும். ஒன்றில் மட்டும் தடவினால் அது நீண்டு, காயும்போது ஏடு தோணியாக வளையும். நடுவே, முதுகுப் பக்க விளிம்பில் 15 மி.மீ. உள்ளே போகும்படி மல் துணிப் பட்டை ஒன்று. இந்தத் துணிதான் பின்னால் கீல் ஆகும். மேலும் கீழும் செய்தித்தாள், அதன்மேல் கிரானைட் பலகை, இரண்டு நாள். முதல் நாள் செய்தித்தாளை நான்கு முறை மாற்றினோம். செய்தித்தாள் மை வெள்ளை போர்டில் ஒட்டியது முதல் ஏட்டிலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட். அரைகுறைக் காய்ச்சலில் வெட்டினால் கத்தி நாரை இழுக்கும். ஏட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஈரம் குளிர்ச்சியாகத் தெரியும். அந்தக் குளிர்ச்சி போகும்வரை பொறுக்க வேண்டும்.

முதுகு

முதல் டம்மியின் முதுகில் வெறும் பசை. ஏடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. துணிக் கீல் வைத்த இரண்டாவதில் புதுச் சிக்கல்: மல் துணியின் கனம் 0.15 மி.மீ., 23 துணி சேர்ந்தால் முதுகு மூன்றரை மி.மீ. மறுபக்கம் 19 மி.மீ. புத்தகம் விசிறியாக விரிந்து நின்றது. முதுகில் துணியின் இரு பக்கமும் பட்டை ஒட்டிக் கனத்தை ஈடுகட்ட வேண்டும். இருபுறமும் 300 ஜிஎஸ்எம் ஒட்டிப் பார்த்தால் 0.95, மொத்தம் 22 மி.மீ. ஆகி இப்போது முதுகு தடித்தது. ஒரு பக்கம் 300, மறுபக்கம் 220 ஜிஎஸ்எம், இரண்டும் துணியும் சேர்ந்து 0.83. அதுதான் நின்ற கணக்கு. ஏட்டுக்குள் நுழைந்த துணி ஈரத்தில் அழுந்தி, தடம் தெரியாமல் போனது.

பட்டைக்கும் ஏட்டு ஓரத்துக்கும் நடுவே துணி மட்டும் இருக்கும் இடைவெளி 3 மி.மீ. வைத்தபோது ஏடு திறந்து படுக்கவில்லை, அரைகுறையாக எழுந்து நின்றது. 5 மி.மீ. சரி.

வெட்டுகள் நேருக்கு நேர் விழுவதற்கு, பிளைவுட் பலகையில் இரண்டு ஸ்டீல் பட்டையை மூலைமட்டத்தில் திருகி ஒரு தடுப்பு செய்துகொண்டோம். எல்லா ஏடுகளையும் மேல் விளிம்பும் முன் விளிம்பும் அதில் முட்டும்படி அடுக்கி, முதுகைக் கவ்வி இறுக்கி, கை டிரில்லில் 1.5 மி.மீ. துளை ஐந்து. மெழுகு தேய்த்த காட்டன் நூலால் தையல். அட்டை 2.5 மி.மீ. கிரே போர்டு, மேலே டிசைனர் கொண்டுவந்த சேலம் வெண்பட்டுத் துண்டு. பட்டுத் துணியைப் பசையோடு நேராக ஒட்டினால் பசை மேலே கசிந்து கறையாகும். முதலில் மெல்லிய தாளைப் பின்பக்கம் ஒட்டிக் காயவைத்த பிறகே அட்டைக்கு. கடைசி ஓட்டைக்குப் பின்னால் தெரியும் தாளை டிசைனர் ஏற்காட்டுக் காப்பி டிகாக்‌ஷனில் நனைத்துக் கொண்டுவந்தார். நிறம் அருமைதான். பக்கத்து வெள்ளை ஏட்டில் நாளடைவில் பழுப்பு இறங்கும் என்பது எங்கள் பயம். அடுத்த பிரதியில் அந்த இடத்தில் நிறத்தாள் வைக்கச் சொல்லியிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.

செலவும் அடுத்த பிரதியும்

மூன்றாவது டம்மிக்கு மட்டும்: போர்டு பத்துத் தாள் 320, மல் துணி 70, ஸ்டார்ச் 40, ஃபெவிகால் 160, கிரே போர்டு 80, பிளேடு இரண்டு பெட்டி 760, பிடி 90, ஏ3 அச்சு 460. மொத்தம் 1,980 ரூபாய். போன இரண்டு டம்மி, பிளாட்டர், லேசர் முயற்சிகளில் கரைந்தது இன்னொரு 2,600. வெட்டு மட்டும் 50 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், இரண்டு பேர் மாறி மாறி. ஒருவர் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெட்டினால் கோடு நடுங்கத் தொடங்குகிறது. 850, 900 ஏடுகளில் அந்த நடுக்கம் அப்படியே இருக்கிறது.

அடுத்த பிரதிக்கு மாற்றப்போவது: முதுகுப் பக்க விளிம்பு 20 போதவில்லை, கை வைத்துப் புரட்ட 30 வேண்டும். பக்கம் 250 ஆகும், தாளில் ஆறு துண்டு அப்போதும் வரும். 1,000 மீட்டர் ஏட்டை முதலில் வெட்ட வேண்டும், அது தேறினால் மற்றதெல்லாம் தேறும். இந்தத் தடவை அதைப் பதினோராவதாக வெட்டியதில், கழுத்து ஒன்று அறுந்து, முந்தைய ஏடுகளிலும் அதே இடத்தை மெலிதாக விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

புத்தகம் இப்போது ஏற்காட்டில் டிசைனரின் மேசைமேல் இருக்கிறது. முதல் வாரமே முன் விளிம்பு அலை அலையாக எழும்பியது என்று படம் அனுப்பினார். மூடி இறுகும் ஸ்டீல் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மேலே கனமான அகராதி ஒன்றை வைக்கச் சொன்னோம். பத்து நாளில் அலை படிந்துவிட்டது. வாணியாற்று நாக்கு மட்டும் 800 மீட்டர் ஏட்டில் இன்னும் ஒரு மி.மீ. தூக்கி நிற்கிறது.